தூரத்தில் நிற்க வைத்தது யார்?

செங்கல்பட்டில் இருக்கும் என் அத்தை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் உட்கார இடம் கிடைக்காது. ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து, மூன்று மணிக்கெல்லாம் திண்ணையும் கூடமும் பிள்ளைகளால் நிரம்பிவிடும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அத்தை. அதனால் அவர் நடத்தும் வேதபாட வகுப்பில் பாட்டுப் புத்தகத்தை விட முக்கியமான பொருள், சுவரில் தொங்கும் பாலஸ்தீன வரைபடம். பக்கத்திலேயே ஓர் ஆணியில் ஒரு நூல்கண்டு மாட்டியிருக்கும்.

"நூல் எதுக்கு அத்தை?" என்று முதல் தடவை கேட்டபோது சிரித்தார்.

"இதுதாண்டி என் அளவுகோல். எருசலேமிலே ஒரு நுனியை வை. பாதை எப்படி வளையுதோ அப்படியே நூலை வளைச்சுக்கிட்டுப் போய் எரிகோவிலே நிறுத்து. அப்புறம் நூலை நீட்டி, கீழே இருக்கிற அளவுக்கோட்டிலே வச்சுப் பாரு. எத்தனை கிலோமீட்டர்?"

ஏறக்குறைய 27 வந்தது.

"அவ்வளவுதான்! நம்ம ஊர்லேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா மகாபலிபுரம் போற தூரத்தை விடக் கொஞ்சம் கம்மி. ஆனா அந்த 27 கிலோமீட்டருக்குள்ளே ஆயிரம் மீட்டர் கீழே இறங்கணும். திருக்கழுக்குன்றம் மலை சுமார் 500 அடின்னா, அது மாதிரி ஆறேழு மலையை ஒண்ணுமேலே ஒண்ணா அடுக்கி இறங்கற மாதிரி. நல்ல சமாரியன் கதையிலே அடிபட்டுக் கிடந்தவன் ஏன் அங்கே கிடந்தான்னு இப்போ புரியுதா? வளைஞ்சு வளைஞ்சு இறங்கற பாறைப் பாதை. திருடன் ஒளிய ஆயிரம் இடம்."

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

இந்தக் கட்டுரையை அத்தையின் வரைபடத்துக்காக மட்டும் நான் எழுதவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் அதே கூடத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்காக எழுதுகிறேன்.

ஒரு சொல் செய்த வேலை

அன்றைக்குப் பாடம், லூக்கா எழுதின சுவிசேஷம் 17-ம் அதிகாரம். பத்துப் பேர் குணமான கதை. ஒரு பையன் எழுந்து நின்று படித்தான். 'குஷ்டரோகிகள்' என்ற சொல் வந்ததும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொரு குரல், "இவ பாட்டியும் அதுதான்!" என்றது.

சொல்லப்பட்ட பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அவள் அழவில்லை, பதிலும் பேசவில்லை. பைபிளை மூடிப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டிப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"நான் அன்னைக்கு அந்தப் பையனைத் திட்டினேன். ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரலை" என்றார் அத்தை. "முப்பது வருஷமா அந்தச் சொல்லை நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பாவத்துக்கு உதாரணம் சொல்றப்போ, 'குஷ்டரோகம் மாதிரி அரிக்கும்'னு சொல்லியிருக்கேனே! பசங்க எங்கேர்ந்து கத்துக்கிட்டாங்க? என்கிட்டேர்ந்துதானே?"

மூன்றாவது வாரம் அத்தை அந்தப் பாட்டியைப் பார்க்கத் திருமணிக்குப் புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன்.

திருமணியின் கதை

செங்கல்பட்டை ஒட்டியிருக்கும் திருமணி என்ற பெயரைக் கேட்டதும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரே நினைப்புதான். 1920-களில் அங்கே லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் மருத்துவமனை ஏற்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. தொழுநோய் மருத்துவ வரலாற்றில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு.

டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்ற புகழ்பெற்ற நிபுணர் இங்கே பணிபுரிந்தார். அதுவரை சரியான மருந்தே இல்லாதிருந்த இந்த நோய்க்கு, சல்ஃபோன் வகையைச் சேர்ந்த டாப்சோன் மருந்தை 1940-களில் இங்கே கொடுத்துப் பார்த்தார். 1947-ல் அவரைப் பார்க்க வேலூரிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர்.

விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், "என் கையை உன்னால் முடிந்த மட்டும் அழுத்து" என்று சொல்லித் தன் கையைக் கொடுத்தார் பிராண்ட். அந்த மனிதர் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி பொறுக்கவில்லையாம்! பார்ப்பதற்குச் செத்துப்போன மாதிரி இருந்த கைக்குள் பலமான தசைகள் உயிரோடு இருந்தன. செயலிழந்த தசைகளின் வேலையை, நல்ல தசைநாண்களை இடம் மாற்றி வைத்துச் செய்ய வைக்கலாம் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. பிற்பாடு வேலூரில் அந்த அறுவை சிகிச்சையால் எத்தனையோ பேர் சோறு பிசையவும், பேனா பிடிக்கவும், உளி பிடிக்கவும் முடிந்தது.

இன்னொரு உண்மையையும் பிராண்ட் நிலைநாட்டினார். இந்த நோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போகிறது. அடுப்பில் சுட்டாலும் தெரியாது, காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. அந்தக் காயம் கவனிக்கப்படாமல் புண்ணாகிப் புரையோடித்தான் ஊனம் வருகிறது. வலி என்பது எவ்வளவு பெரிய வரம் என்று நமக்கெல்லாம் தெரிவதே இல்லை.

பாட்டி கேட்ட கேள்வி

பாட்டி எங்களை வாசலிலேயே பார்த்துவிட்டார். "வாங்க டீச்சரம்மா" என்று பாய் விரித்தார். டீ போடலாமா என்று தயங்கிய மாதிரி இருந்தது. "சர்க்கரை கம்மியா போடுங்க அக்கா" என்று அத்தை முந்திக்கொண்டார். பாட்டியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் கைக்குழந்தையோடு இந்த ஊருக்கு வந்தவர். முதுகில் ஒரு வெளிறிய தேமல். கல்யாணமான புதிதில் மாமியார்தான் கண்டுபிடித்தாராம். "நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிடு"ன்னாங்க. "அம்மா வீட்டிலே, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும், நீ இங்கே இருக்காதேன்னாங்க" என்று கதை சொல்வதுபோல் சொன்னார். மாத்திரை சாப்பிட்டார், குணமானார். ஆனால் கூப்பிட்டுப் போக யாரும் வரவில்லை. கிருமி எப்போதோ செத்துப்போனது, பெயர் மட்டும் சாகவில்லை. இரண்டு விரல்கள் மடங்கியிருக்கின்றன. அவ்வளவுதான்.

அத்தை தன் தப்பைச் சொன்னார். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"அந்தப் பத்துப் பேரும் தூரத்திலே நின்னாங்கன்னு படிக்கிறீங்க இல்லே டீச்சரம்மா? அவங்களை யாரு தூரத்திலே நிக்க வச்சாங்கன்னு பசங்களுக்குச் சொல்றீங்களா?"

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை பேசவே இல்லை.

வரைபடத்தில் கிடைத்த பதில்

அந்த வாரம் முழுக்க அத்தை வரைபடத்தையும் வேதாகமத்தையும் விரித்து வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் கண்டுபிடித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பத்துப் பேர் நின்ற இடம் எது? கலிலேயாவுக்கும் சமாரியாவுக்கும் இடைப்பட்ட எல்லை. யூதர்களும் சமாரியர்களும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாத காலம் அது. ஆனால் இந்தக் கூட்டத்தில் ஒரு சமாரியனும் இருக்கிறான். ஊரார் இரண்டு பக்கத்திலிருந்தும் துரத்தியதால், சேரக்கூடாதவர்கள் எல்லைக்கோட்டில் ஒன்றாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். லேவியராகமம் 13-ம் அதிகாரத்துச் சட்டப்படி அவர்கள் பாளயத்துக்கு வெளியே குடியிருக்க வேண்டும், எதிரே யாராவது வந்தால் தங்களைத் தாங்களே 'தீட்டு' என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். பாட்டியின் கேள்விக்குப் பதில் அதுதான். நோய் அவர்களைத் தூரத்தில் நிறுத்தவில்லை, மனிதர்கள்தான் நிறுத்தினார்கள்.

அடுத்து, நாகமான். சீரியாவின் படைத்தலைவர். தமஸ்குவிலிருந்து சமாரியாவுக்கு நேர்கோட்டில் அளந்தாலே 170 கி.மீ. வருகிறது. செங்கல்பட்டிலிருந்து ஏறக்குறைய மயிலாடுதுறை வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு யோர்தானுக்கு இன்னும் 30 கி.மீ.க்கு மேல், கடல் மட்டத்துக்கும் கீழே இறங்க வேண்டும். எங்கள் ஊர் ஆறுகளே இதைவிட நல்லவை என்று அவர் கோபித்துக்கொண்டதன் அலுப்பு நூல் வைத்து அளந்தால்தான் தெரிகிறது. இவ்வளவு பெரிய பயணத்தைத் தொடங்கி வைத்தது யார்? சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு வேலைக்காரச் சிறுமி! தன்னை அடிமையாக்கிய வீட்டு எஜமானியிடம், எஜமானருக்கு நல்லதாக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாள். அந்தச் சிறுமியின் பெயர்கூட வேதாகமத்தில் இல்லை.

மூன்றாவது, பெத்தானியா ஊர் சீமோன். எருசலேமிலிருந்து பெத்தானியா மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. செங்கல்பட்டுக்குத் திருமணி மாதிரி, பக்கத்து ஊர். அவர் வீட்டில் இயேசு விருந்து சாப்பிடுகிறார். விருந்து வைக்கும் அளவுக்கு அவர் நலமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நோயின் பெயர் பட்டப்பெயராக இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது!

அந்த நோயும் இந்த நோயும் ஒன்றா?

இன்னொரு விஷயம் எனக்கே புதிது. எபிரேய வேதத்தில் வரும் 'ட்ஸராஅத்' என்ற சொல், இன்றைக்கு நாம் தொழுநோய் என்று சொல்கிற ஒரே வியாதியைக் குறிப்பதல்ல. துணியில் வரும் பூஞ்சைக்கும், வீட்டுச் சுவரில் படரும் கறைக்கும் லேவியராகமம் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. பலவகைத் தோல் நோய்களுக்கான பொதுப்பெயர் அது. கிரேக்கத்தில் 'லெப்ரா' என்றார்கள்; செதில் செதிலாக உரிவது என்று பொருள். நம் நாட்டிலும் ஆயுர்வேதம் பதினெட்டு வகைக் குஷ்டங்களைச் சொல்கிறது. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் கண்டுபிடித்ததே 1873-ல்தான். ஆக, வேதாகமத்தில் வரும் ஒவ்வொருவருக்கும் வந்தது பாட்டிக்கு வந்த அதே வியாதிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, அந்தப் பழைய தீட்டையெல்லாம் பாட்டியின் தலையில் ஏற்றுவது என்ன நியாயம்?

சொல்லை மாற்றும் முயற்சி புதிதல்ல. தொழுநோய் மருத்துவர்களின் உலக மாநாடு 1948-ல் ஹவானாவில் கூடியபோதே, 'லெப்பர்' என்று மனிதரை நோயால் அழைப்பதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழில், 1995-ல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'தொழுநோயாளர்' என்கிறது. அவன், இவன் என்று வந்த இடங்களில் அவர், இவர் என்கிறது. விதவைக்குக் கைம்பெண் என்கிறது.

"வேதவசனத்தை நாம மாத்தலாமா?" என்று சபையில் சில பெரியவர்கள் அத்தையிடம் கேட்டார்களாம். அத்தையின் பதில்: "பழைய மொழிபெயர்ப்பைப் படிக்கிறப்போ இருக்கிறபடியே படிப்போம். ஆனா விளக்கம் சொல்றது நம்ம வாய்தானே? அதை நாம மாத்திக்கலாமே!"

அத்தை இப்போது எழுதி ஒட்டியிருக்கும் பட்டியல் இது. குஷ்டரோகி அல்ல, தொழுநோயால் பாதிக்கப்பட்டவர். குருடன் அல்ல, பார்வையற்றவர். சப்பாணி, முடவன் அல்ல, நடக்க முடியாதவர். மலடி என்ற சொல்லே வேண்டாம். சாராள், அன்னாள், எலிசபெத்து என்று அவரவர் பெயரைச் சொன்னால் போதும். 'பெரும்பாடுள்ள ஸ்திரீ' என்பதை, பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் கஷ்டப்பட்ட அம்மா என்று சொல்கிறார். அதைச் சொன்ன அன்றைக்கே ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, தனக்கும் மாதாமாதம் அப்படி இருக்கிறது என்று முதல் தடவையாக வாய் திறந்தாராம். அத்தையே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

சட்டமும் மாறிவிட்டது

தொழுநோயாளிகளை அடைத்து வைக்க வழி செய்த 1898-ம் வருஷச் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த விதி, 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தால் எடுக்கப்பட்டுவிட்டது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் வருஷ விவாகரத்துச் சட்டத்திலிருந்தும், இந்து, முஸ்லிம் திருமணச் சட்டங்களிலிருந்தும், சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் அது போய்விட்டது. பாட்டிக்கு இதைச் சொன்னபோது, "நாப்பது வருஷம் லேட்டு" என்று சிரித்தார்.

சகோதரிகளே, கவனியுங்கள்!

உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அந்த இடத்தில் தொட்டால், சுட்டால் உணர்ச்சி குறைவு, கை கால் மரத்துப்போதல், காரணமில்லாமல் சுட்ட புண்கள், இவை இருந்தால் ஒளிக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் கூட்டு மருந்துச் சிகிச்சையும் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகலாம், தோல் சற்றுக் கறுக்கலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். மருந்து தொடங்கிய சீக்கிரத்திலேயே மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும். பெரும்பாலோருக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. முற்ற விடாமல் பார்த்துக்கொண்டால் ஊனமே வராது.

வீட்டிலேயே வேதாகம வரைபடம்

மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் சுமார் 1 கப். கெட்டியாகப் பிசைந்து ஓர் அட்டையில் பரப்புங்கள். 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் தாண் முதல் பெயெர்செபா வரை நேர்கோட்டில் சுமார் இருபத்து மூன்றரை செ.மீ. வரும். கலிலேயாக் கடல் 2 செ.மீ. நீளம். அங்கிருந்து பத்தரை செ.மீ. தெற்கே சவக்கடல். நடுவே யோர்தானுக்குப் பள்ளம் தோண்டி, எருசலேமை மேடாக்குங்கள். இரண்டு மூன்று நாள் காயவிட்டு வர்ணம் பூசலாம்.

கைபேசி வரைபடம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் தெரிவது இன்றைய எல்லைகள், இன்றைய சாலைகள். வேதாகமத்தின் பின்பக்கத்து வரைபடத்திலும் எந்தக் காலத்துப் படம் என்று முதலில் பாருங்கள். தாவீதின் நாளும் இயேசுவின் நாளும் ஒன்றல்ல. ஊர்ப்பெயர்களும் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு கொஞ்சம் மாறும். ஒன்றில் கப்பர்நகூம், இன்னொன்றில் கப்பர்நாகும்.

மணலில் ஒரு தேசம்

பள்ளி விடுமுறையில் அத்தை பிள்ளைகளை மகாபலிபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். வழக்கமாகப் போவதுதான், ஈரமணலில் குச்சியால் பாலஸ்தீனத்தை வரைவார்கள். "அங்கே கடல் மேற்கே, நமக்குக் கடல் கிழக்கே. படத்தைத் திருப்பிப் போட்டுடாதீங்க! அங்கே சூரியன் கடல்லே விழும், இங்கே கடல்லேர்ந்து எழும்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். வடக்கே கை காட்டி, "கோவளத்திலே கடலோரம் கார்மேல் மாதா கோயில் இருக்கே, அந்தக் கார்மேல் மலையும் கடலோரம்தான். இதோ, இங்கே" என்று ஒரு கிளிஞ்சலை வைப்பார்.

இந்த வருஷம் கூட்டத்தில் அந்தப் பெண்ணும் இருந்தாள். பாட்டியும் வந்திருந்தார். அன்றைக்கு வாய்விட்ட பையன் அதற்கு முன்பே திருமணிக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருந்தான். அத்தை அனுப்பவில்லை, அவனாகவே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

பத்துப் பேரின் எல்லைக்கோட்டை யார் வரைவது என்று வந்தபோது, அந்தப் பெண் குச்சியைப் பாட்டியிடம் கொடுத்தாள். மடங்கிய விரல்களுக்கு நடுவே குச்சியைச் செருகிக்கொண்டு பாட்டி மெதுவாகக் கோடு இழுத்தார். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

"சரியா இருக்கா டீச்சரம்மா?"

"ரொம்பச் சரி அக்கா. அந்த எல்லையும் நேராவா இருந்திருக்கும்?" என்றார் அத்தை.

அலை வந்து அழிக்கும் வரைக்கும் பிள்ளைகள் அந்தக் கோட்டைச் சுற்றி உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.